சிவப்பைச் சிவப்பென்றே எழுதிய அமிர்தவல்லி அம்மையாருக்கு

தோலுக்கு அடியில் தொலைந்து கிடப்பதைத் தேடித் தொட்டவரே! தசைக்குள்ளே தங்கிய தீயைத் தனியே பிரித்துக் காட்டிய தகைமையே! இனிக்கும் பொய் ஒன்றை எவருக்கும் ஈயாத இன்மொழியே! எக்ஸ்ரே அறை ஒன்றே இருந்த எளிய நாளில் எம் மருத்துவமனைக்குள் நுழைந்து, ஏற்றத்திலும் இறக்கத்திலும் எம்மோடு நின்று, இன்று கதிரியல் பிரிவின் தலைமைப் பொறுப்பிலிருந்து பணி நிறைவு பெறும் மருத்துவர் அமிர்தவல்லி அம்மையீர்! உங்கள் கரம்பற்றிக் கற்றவர்களின் கண்ணீர் கலந்த வணக்கம்.

பாராட்டு மடல் என்றால் பட்டங்களை அடுக்கிப் பண்புகளைத் தொடுப்பதே மரபு. எழுத உட்கார்ந்த எங்களை அழைத்து நீங்கள் சொன்னதோ வேறு. "என்னைப் பத்தி எழுதாதீங்க. எழுதியே ஆகணும்னா முத்தாளைப் பத்தி எழுதுங்க" என்றீர்கள். உங்களை விட்டுவிட்டு முத்தாளை எழுத இயலாது. முத்தாளை விட்டுவிட்டு உங்களை எழுதினால் அது வெறும் வாழ்த்தட்டை. ஆகவே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முத்தாளின் கணவர் தங்கமுத்து அவர்களின் ஒப்புதலோடு, நடந்ததை நடந்தபடி, அவையோர் யாவரும் அறிய, உங்களையும் பெயர் சொல்லியே வாசிக்கிறோம். பொறுத்தருள்க.

செவிலியர் முத்தாள் அரிமளத்துக்காரர். அமிர்தவல்லி இங்கே சேர்வதற்கு முன்பிருந்தே இந்த மருத்துவமனையில் இருந்தவர். சி.டி. ஸ்கேனுக்கு வருபவர்களின் கையில் ஊசி பொருத்துவதும், சாயமருந்து ஏறுவதற்கு முன் அவர்களுக்குத் தைரியம் சொல்வதும் அவர் வேலை. "ஒடம்பெல்லாம் சூடாப் பரவும். ஒண்ணுக்கு வந்துட்ட மாதிரியே இருக்கும். வந்திருக்காது, பயப்படாதீங்க" என்று அவர் சொல்லும்போது, பயந்து வெளிறிக் கிடப்பவர்கூடச் சிரித்துவிடுவார்.

மருத்துவருக்கும் செவிலியருக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி இவர்களுக்குள் எப்போது மறைந்தது என்று எவருக்கும் தெரியாது. பிறர் முன்னால் "சிஸ்டர், நீங்க" என்பார் அமிர்தவல்லி. ஸ்கேன் அறைக்குப் பின்னால் இருக்கும் சிறிய அறையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டால் அது "முத்தாள், நீ" ஆகிவிடும். அமிர்தவல்லி சைவம். கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்த நாளில் முத்தாள் சன்னல் ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவார். "வாசம் வருதா மேடம்?" என்று நடுவில் ஒருமுறை கேட்பார். "வருது" என்பார் இவர். அப்போதும் இருவரும் வேறு அறை தேடிப் போனதில்லை.

ஓர் ஆடி மாதத்தில் அரிமளம் சாலையில் முத்தாளின் ஸ்கூட்டி மணலில் சறுக்கிவிட்டது. வலது தொடையில் அடி. வீக்கம் வடிந்தது, ஆழத்தில் ஒரு கட்டி மட்டும் வடியவில்லை. ரத்தக்கட்டு, தானாகக் கரையும் என்று எல்லோரும் சொன்னார்கள். முத்தாளும் அதையே சொல்லிக்கொண்டு நடமாடினார். பொங்கல் கழிந்தும் கரையாமல், சற்றுப் பெருத்தும் போனபிறகுதான் எலும்பு மருத்துவர் கார்த்திகேயனிடம் காட்டினார். அவர் சாதாரண சி.டி. படம் ஒன்று எடுக்கச் சொன்னார்; ஊசி விட்டுக் கட்டியின் நடுவிலிருந்து சிறு துணுக்கும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பழைய ரத்தமும் செத்த திசுவும்தான், புற்றணு எதுவும் இல்லை என்று முடிவு வந்தது.

அன்று எங்கள் பிரிவில் திருவிழா. அரிமளத்தில் மோட்டார்களுக்குக் கம்பிச் சுருள் கட்டும் பட்டறை வைத்திருக்கும் தங்கமுத்து, வேலையைப் போட்டுவிட்டு வந்து எல்லோருக்கும் முட்டை மாஸ் என்ற எங்கள் ஊர் இனிப்பைக் கொடுத்தார். மேடத்துக்கு மட்டும் தனியாகப் பால்கோவா. அமிர்தவல்லி அதைக் கையில் வாங்கிக்கொண்டார், வாயில் வைக்கவில்லை. அவர் மனம் முழுக்க அந்தச் சாதாரண சி.டி. படத்தில் இருந்தது. கட்டியின் பின்புற ஓரத்தில், எலும்பை ஒட்டி, அவருக்குப் பிடிபடாத ஏதோ ஒன்று இருந்தது. ஊசி அந்தப் பக்கமே போயிருக்கவில்லை.

மறுநாள் அவர் முத்தாளை உட்காரவைத்துச் சொன்னார்: "இன்னொரு ஸ்கேன் எடுக்கணும் முத்தாள்."

"ரிசல்ட்டுதான் வந்திருச்சே மேடம்?"

"ஊசி நடுவுல போயிருக்கு. ஓரத்தை யாரும் பாக்கல."

முத்தாளின் மார்பில் பேஸ்மேக்கர் இருந்தது, அதனோடு எம்.ஆர்.ஐ.க்குள் போகக்கூடாது. அமிர்தவல்லி எண்ணியது பெர்ஃப்யூஷன் சி.டி. என்ற ஸ்கேன். பக்கவாதம் வந்தவரின் மூளையில் ரத்தம் எங்கே தடைபட்டது என்று பார்ப்பதற்காக எங்கள் கருவியில் வந்த வசதி அது. கை கால் தசைகளில் வரும் கட்டிகளையும் அதனால் அளக்க முடியும் என்று அவர் படித்துப் பழகியிருந்தார். சாயமருந்தை வேகமாக ஏற்றிவிட்டுக் கட்டி இருக்கும் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்தால், எந்த மூலைக்கு ரத்தம் எவ்வளவு பாய்கிறது என்பது நிறமாக விரியும். பாய்ச்சல் மிகுந்த இடம் சிவப்பு, குறைந்த இடம் நீலம். சிவப்பெல்லாம் புற்றுநோய் ஆகிவிடாது. ஆனால் செத்துக் கிடக்கும் ரத்தக்கட்டுக்குள் உயிருள்ள ரத்தம் ஓட வேண்டிய வேலை இல்லை.

எங்கள் பிரிவில் முணுமுணுப்பு எழுந்தது. நல்ல சேதி வந்த வீட்டில் போய் அபசகுனமாகப் பேசுகிறாரே என்று பேசிக்கொண்டார்கள். தங்கமுத்து நேராகவே கேட்டார்: "இனிப்புக் குடுத்த கை காயறதுக்குள்ள இன்னொரு ஸ்கேனா மேடம்? அவளுக்குத் தூக்கமே இப்பத்தான் வந்திருக்கு."

"தெரியுதுங்க. எனக்கு இன்னும் தூக்கம் வரல" என்றார் அமிர்தவல்லி.

ஸ்கேன் அன்று ஒரு சங்கடம். எல்லோருக்கும் ஊசி பொருத்துகிறவர் மேசையில் படுத்திருக்கிறார்; அவருக்கு யார் பொருத்துவது? தொழில்நுட்பர் ஆத்மநாதன் முன்வந்தார். முத்தாள் தலையை அசைத்துவிட்டு மேடத்தைப் பார்த்தார். அமிர்தவல்லி ஊசி பிடித்துப் பல காலம் ஆகிவிட்டிருந்தது. முதல் முயற்சியில் நரம்பு நழுவியது. "மெதுவாங்க மேடம், எங்கிட்டும் ஓடிப் போகாது" என்று படுத்தபடியே முத்தாள் சொல்லிக்கொடுத்தார். இரண்டாவது முறை சரியாக விழுந்தது. பிறகு அமிர்தவல்லி குனிந்து, அந்தப் பழைய சொற்களைத் தாமே சொன்னார். ஒடம்பெல்லாம் சூடாப் பரவும், ஒண்ணுக்கு வந்த மாதிரி இருக்கும், பயப்படாத. முத்தாள் சிரிக்க முயன்றார். "இத்தன நாளா இதைச் சொல்லிக்கிட்டு இருந்தேனே, பயப்படாதன்னு சொன்னா பயம் வரத்தான் செய்யுது மேடம்" என்றார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் திரையில் நிறங்கள் வந்தன. கட்டியின் நடு முழுவதும் நீலம். ஊசி போய் வந்த இடம் அது. பின் ஓரத்தில் மட்டும் பிறை வடிவத்தில் அடர்ந்த சிவப்பு. இடது தொடையின் நல்ல தசையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அதைவிடப் பன்மடங்கு பாய்ச்சல்.

மருத்துவர் கார்த்திகேயன் படத்தைப் பார்த்ததும் வாதாடவில்லை. "அந்த ஓரத்துல எடுத்திருக்கணும். வாங்க மேடம், சேர்ந்தே எடுப்போம்" என்றார். சி.டி. வழிகாட்ட, இந்த முறை ஊசி சிவந்த பிறைக்குள் போனது.

ஊசி விட்டுத் துணுக்கு எடுத்த அன்றே முத்தாள் ஒன்று சொல்லிவைத்திருந்தார்: "ரிசல்ட்டு வந்தா நீங்கதான் சொல்லணும். வேற யாரு வாயாலயும் கேக்க மாட்டேன்."

ஆகவே, அந்தச் சின்ன அறையில், சாப்பாட்டு வேளையில், டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே அமிர்தவல்லி சொன்னார். "அது ரத்தக்கட்டு இல்ல முத்தாள்."

முத்தாள் தன் டிபன் பாக்ஸின் மூடியை மெல்ல அழுத்தி மூடினார். "புத்துநோயா?"

"ஆமா. சார்கோமாம்பாங்க. தசையில வர்றது."

பிறகு முத்தாள், "ஊருக்கெல்லாம் முட்டை மாஸ் குடுத்துட்டமே மேடம்" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்த வாய் அப்படியே கோணிக்கொண்டது. அமிர்தவல்லி எழுந்துபோய் அவர் தலையைத் தம் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கதவைத் திறந்த நாங்கள் திரும்பவும் சாத்திவிட்டு வந்தோம்.

திருச்சியில் உள்ள புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை தொடங்கியது. முதலில் மருந்து, மருந்துக்குக் கட்டி அடங்கினால் கட்டியை மட்டும் எடுத்துக் காலைக் காப்பாற்றலாம், அடங்காவிட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்கும். இவ்வகைக் கட்டிகள் செத்தாலும் சில நேரம் அளவில் சுருங்காது. உள்ளே ரத்தப் பாய்ச்சல் குறைந்ததா என்பதே கேள்வி. அங்குள்ள மருத்துவர்கள், முதலில் எடுத்த இடத்திலேயே, அதே முறையில், அமிர்தவல்லியே மீண்டும் ஒரு பெர்ஃப்யூஷன் ஸ்கேன் எடுத்துத் தரட்டும் என்றார்கள்.

தலைமுடி முழுவதும் உதிர்ந்து, தலையில் துணி கட்டிக்கொண்டு முத்தாள் வந்தார். ஸ்கேன் முடிந்தது. தங்கமுத்துவை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, அமிர்தவல்லியின் அறைக்குள் அவர் தனியாக வந்து நின்றார்.

"மேடம், நான் இதுவரைக்கும் ஒங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல."

"உக்காரு முத்தாள்."

"நீலமா மாத்தி எழுதுங்கன்னு சொல்லல. கொஞ்சம் கொறஞ்சிருக்குன்னு ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை இருந்தா காலை வச்சுப் பாப்பாங்க. ஒங்களுக்கு அது ஒரு வார்த்தை மேடம். எனக்கு அது காலு."

அமிர்தவல்லி எழுந்தார். "படத்தைப் பாத்துட்டு வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரை முன்னால் போய் உட்கார்ந்தார். நீலமாக இருந்துவிடக் கூடாதா என்று அவர் அன்று வேண்டாத தெய்வம் இல்லை என்று பின்னொருநாள் எங்களிடம் சொன்னார். பிறை தடித்திருந்தது. சிவப்பு குறையவே இல்லை. தொடையின் பெரிய ரத்தக்குழாயை அது பாதிக்கு மேல் சுற்றி வளைத்திருந்தது. அளவுகளை மாற்றிப் பார்த்தார், அளக்கும் வட்டத்தைத் திரையில் நகர்த்திப் பார்த்தார், ஆத்மநாதனைக் கூப்பிட்டு மறுபடி கணக்கிடச் சொன்னார். கருவி ஒரே விடையைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னது.

அவர் எழுதினார். பாய்ச்சல் குறையவில்லை; கட்டி மருந்துக்கு அடங்கவில்லை; ரத்தக்குழாய் சூழப்பட்டுள்ளது. எழுதியதைத் தாமே கொண்டுபோய் முத்தாளின் கையில் கொடுத்தார். முத்தாள் படித்தார். ரிப்போர்ட் படிக்கத் தெரியாதவர் இல்லையே. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கைத்தடியை ஊன்றி வெளியே போனார்.

இடுப்புக்குக் கீழே கொஞ்சம் மட்டும் விட்டுவைத்து முத்தாளின் வலது காலை எடுத்தார்கள்.

அதன்பிறகு அமிர்தவல்லி ஞாயிற்றுக்கிழமைதோறும் அரிமளத்துக்குப் பஸ் ஏறினார். முத்தாள் முகம் கொடுக்கவில்லை. இவர் வந்த சத்தம் கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். வீட்டுக்குள் போகத் தயங்கி, வீட்டை ஒட்டியிருக்கும் தங்கமுத்துவின் பட்டறையில், கழற்றிப்போட்ட மோட்டார்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். தங்கமுத்து செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருப்பார்; இவர் பார்த்துக்கொண்டே இருப்பார்; டீ வரும்; குடித்துவிட்டுக் கிளம்புவார்.

"அவ கோவம் ஒங்க மேல இல்லைங்க மேடம்" என்றார் தங்கமுத்து ஒருநாள். "கடவுள் மேல கோவப்பட்டா அவரு வந்து ஒக்காருவாரா? நீங்க வந்து ஒக்காருறீங்க. அதான் ஒங்க மேல காட்டுறா."

மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டறைக் கூரையில் சாரல் அடித்து அமிர்தவல்லியின் சேலை நனைந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏங்க, அவங்களை உள்ள வரச் சொல்லுங்க. நனைஞ்சு காய்ச்சல் வந்தா நாளைக்கு ஸ்கேனை யாரு பாக்குறது?"

அமிர்தவல்லி உள்ளே போனார். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்த முத்தாள், இல்லாத காலின் பக்கம் சேலையை இழுத்து விட்டுக்கொண்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றார் இவர். "இன்னிக்கு வீட்டுல கருவாட்டுக் குழம்பு. ஒங்களுக்கு மோருதான் இருக்கு" என்றார் அவர். அந்தக் காலைப் பற்றி அதன்பிறகும் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதாக யாரும் கேட்டதில்லை.

செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு முத்தாள் வேலைக்குத் திரும்பினார். நிற்கிற வேலை வேண்டாம் என்று ஓர் உயர்ந்த ஸ்டூல் போட்டுக் கொடுத்தோம். உட்கார்ந்தபடியே ஊசி பொருத்தினார், உட்கார்ந்தபடியே தைரியம் சொன்னார். சின்ன அறையில் மறுபடியும் இரண்டு டிபன் பாக்ஸ்கள் திறந்தன.

அந்த நாள்களில்தான் மீமிசலிலிருந்து நாகராஜன் வந்தார். கடல் தொழில் செய்பவர். கெண்டைக்காலில் கட்டி, சார்கோமா என்று உறுதியாகி, திருச்சியில் மருந்தும் ஏறியிருந்தது. அடங்கியதா என்று பார்க்கும் ஸ்கேனுக்காக வந்தவர், ஊசி பொருத்தும் நேரத்தில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"வேணாங்க. இதை எடுத்தாத்தானே காலை வெட்டணும்னு எழுதுவீங்க? கால் இல்லாம வள்ளத்துல எப்படி நிப்பேன்? தெரியாமயே இருந்துட்டுப் போறேன்."

ஆத்மநாதன் சமாதானம் சொன்னார். நாகராஜன் கேட்கவில்லை. அப்போது முத்தாள் ஸ்டூலில் இருந்தபடியே தன் வலது காலைக் கையால் தட்டினார். டொக் டொக்கென்று பிளாஸ்டிக் சத்தம் எழுந்தது. வாசல் வரை போன நாகராஜன் திரும்பிப் பார்த்தார்.

"இங்கிட்டு வாங்க அண்ணே. இந்தக் காலு போனதுக்கு ரிப்போர்ட் எழுதுனவங்க உள்ளதான் ஒக்காந்திருக்காங்க. எனக்கும் அவங்களுக்கும் எத்தனையோ வருசப் பழக்கம். ஒரே ஒரு வார்த்தை மாத்தி எழுதுங்கன்னு கையெடுத்துக் கும்பிடாத கொறையாக் கேட்டேன். எழுதல. ரொம்ப நாளு அவங்க மூஞ்சியில முழிக்கல நான். ஆனா யோசிச்சுப் பாருங்க. எனக்கே மாத்தி எழுதாதவங்க ஒங்களுக்கு மாத்தி எழுதுவாங்களா? கால் தப்பும்னா தப்பும்னு எழுதுவாங்க. அப்படி எழுதிட்டாங்கன்னா நீங்க சந்தேகமே இல்லாம கடலுக்குப் போகலாம்."

நாகராஜன் கைலியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வந்து கையை நீட்டினார்.

உள்ளறையின் கதவு ஒருக்களித்திருந்தது. அமிர்தவல்லி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றித் துடைத்துக்கொண்டிருந்ததை ஆத்மநாதன் பார்த்தார்.

நாகராஜனின் கட்டி அளவில் சுருங்கவே இல்லை. ஆனால் உள்ளே முழுவதும் நீலம். பாய்ச்சல் அடங்கிவிட்டது என்று அமிர்தவல்லி எழுதினார். கட்டியை மட்டும் எடுத்தார்கள், கால் தப்பியது. சில மாதம் கழித்து அவர் ஒரு பெரிய கொடுவா மீனை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து மேடத்தின் மேசையிலேயே வைத்துவிட்டார். அமிர்தவல்லி நாற்காலியோடு பின்னால் நகர்ந்ததையும், முத்தாள் சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதையும் நாங்கள் எந்நாளும் மறவோம். அந்தச் சிரிப்புதான் இந்தப் பிரிவில் முத்தாள் மனம் விட்டுச் சிரித்த கடைசிச் சிரிப்பு.

அடுத்த பனிக்காலத்தில் அவருக்கு இருமல் வந்தது. சளி என்றார். வைத்தியம் பார்த்தும் நிற்கவில்லை. மார்பு ஸ்கேன் எடுத்த அன்று, திரையில் இரு நுரையீரலிலும் சின்னச் சின்ன உருண்டைகளாகப் புற்று பரவியிருந்தது. அமிர்தவல்லி வெளியே வந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றார். ஊசித் தட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த முத்தாள் நிமிராமலே கேட்டார்: "ரெண்டு பக்கமுமா மேடம்?"

"ஆமா முத்தாள். ரெண்டு பக்கமும்."

"சரி. இவருக்கு ஊசி போட்டு முடிச்சிட்டு வாரேன்" என்று, எதிரே காத்திருந்த பெரியவரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

மாசி மாதத்தில், அரிமளத்தில், தன் வீட்டுக் கட்டிலிலேயே முத்தாள் கண்மூடினார். போன் வந்தபோது அமிர்தவல்லி ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே அந்த நோயாளி காத்திருந்தார். அந்த ரிப்போர்ட்டை எழுதி முடித்துக் கையில் கொடுத்து, விளக்கமும் சொல்லி அனுப்பிய பிறகுதான் எழுந்தார். இரண்டு பேர் தாங்கிக் காரில் ஏற்றினோம்.

கருமாதி அன்று, வந்தவர்கள் கலைந்தபின், பட்டறையில் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் போய் அவர் உட்கார்ந்தார். தங்கமுத்து எதிரே குத்துக்காலிட்டு அமர்ந்தார். அமிர்தவல்லி கேட்டார்: "காலும் போச்சு. ஆளையும் காப்பாத்த முடியலையேங்க?"

வேறு யாராக இருந்தாலும் ஆறுதல் சொல்லியிருப்பார்கள். விதி என்றிருப்பார்கள், உங்களால் முடிந்ததைச் செய்தீர்கள் என்றிருப்பார்கள். தங்கமுத்து அவர் முகத்தையே பார்த்தார்.

"ஆமாங்க மேடம்" என்றார். "காப்பாத்த முடியல."

அமிர்தவல்லி, முத்தாள் இறந்த நாளிலிருந்து அதுவரை அழாதவர், வாய்விட்டு அழுதார். தங்கமுத்துவும் அழுதார். அழுது ஓய்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "ஆனா ஒண்ணு மேடம். சாகக் கெடக்கறவங்ககிட்ட ஊரே பொய் சொல்லும். நல்லாயிருவ, எந்திரிச்சிருவன்னு சொல்லும். என் பொண்டாட்டிகிட்ட நீங்க ஒருநாளும் சொல்லல. அவளுக்கு என்ன நடக்குதுன்னு கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. யாருகிட்ட என்ன சொல்லணுமோ சொல்லி முடிச்சா. எங்கிட்டயும் சொன்னா."

என்ன சொன்னார் என்று அமிர்தவல்லி கேட்கவில்லை. தங்கமுத்துவும் சொல்லவில்லை.

அம்மையீர்! இதுவே நாங்கள் அறிந்த உங்கள் கதை. இதில் வெற்றி விழா இல்லை. வீரக் கழலும் இல்லை. வேண்டியவர் வேண்டிக் கேட்டபோதும் வழுவாத வாய்மை ஒன்றே உண்டு. அந்த வாய்மைக்கு நீங்கள் கொடுத்த விலையும் உண்டு. அன்பிருந்தால் உண்மையை மழுப்பலாம் என்று எண்ணியிருந்தோம். உண்மையைச் சொல்லிவிட்டு, அதன்பிறகும் ஞாயிறுதோறும் வந்து வாசலில் அமர்ந்திருப்பதே அன்பு என்பதை உங்களிடம் கண்டோம். கண்டவர் எவரும் அதைக் கைவிட மாட்டோம்.

இருட்டறையில் இத்தனை காலம் பிறர் உடலின் துயரையே பார்த்துப் பார்த்துச் சிவந்த உங்கள் கண்கள், இனி வெயிலையும் வயலையும் வேண்டுமட்டும் பார்க்கட்டும். உறக்கம் உரிய நேரத்தில் வரட்டும். உடல்நலம் ஒருநாளும் உங்களை விட்டு அகலாதிருக்கட்டும். உள்ளத்தில் உறைந்த துயர் ஒரேயடியாகக் கரையாது என்று அறிவோம். அது கனம் குறைந்து, கைகோத்து வரும் துணையாக ஆகட்டும். பல்லாண்டு, இன்னும் பல்லாண்டு நலமோடு வாழ்க! எங்களுக்கு ஐயம் வரும்போதெல்லாம் தொலைபேசியில் அழைப்போம். மழுப்பாமல் பதில் சொல்க!

புதுக்கோட்டை.

உங்கள் வழிநடக்கும்,
கதிரியல் பிரிவின் மருத்துவர்கள், தொழில்நுட்பர்கள், செவிலியர்கள், துப்புரவுப் பணியாளர்கள்.

முத்தாளுக்காகக் கையெழுத்திடுவது,
அரிமளம் தங்கமுத்து.